சங்கு ஊத ஒரு விண்ணப்பம்

கொழும்பில் எழுந்தருளியிருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் மேலான அதிகாரிகள் சமூகத்துக்கு, மாத்தளை மாவட்டத்து மலைத்தோட்டப் பிரஜை ஒருவன் மிகுந்த வணக்கத்துடன் சமர்ப்பிக்கும் விஞ்ஞாபனம்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி கடல் கரையேறி வந்து எங்கள் தேசத்துக்குக் கற்பித்த கொடிய பாடத்தின் பயனாக, மறுவருஷமே 13ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தங்கள் நிலையம் ஜனித்ததையும், அதன்பின் கரையோரமெங்கும் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் உயர்ந்து நின்றதையும், அவற்றுட் பல காலக்கிரமத்தில் பழுதடைந்து மௌன விரதம் பூண்டதையும் நாங்கள் மலையுச்சியிலிருந்தே பத்திரிகை வாயிலாக வாசித்து அறிந்தவர்கள். மலைக்குக் கோபுரம் இல்லையே என்று நாங்கள் மனக்குறை கொண்டதில்லை. கடல் உள்ள இடத்தில்தானே அபாயம், மலை என்பது அபாயத்துக்கு அஞ்சி ஓடுகிறவர்கள் ஏறும் இடமன்றோ என்ற தங்கள் சித்தாந்தத்தை நாங்களும் பக்தியோடு ஏற்றிருந்தோம். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா என்ற பெயருடன் வந்த புயல் அந்தச் சித்தாந்தத்தைச் சிறிதும் மதிக்கவில்லை. நாடெங்கும் 600க்கும் அதிகமானோரைப் பலிகொண்ட அப்புயலில் மலைநாடே மிகுதியாக மாண்டது. நக்கிள்ஸ் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரத்தோட்டை, உக்குவளை, அம்பன்கங்கை கோறளை ஆகிய எங்கள் பிரதேசங்களின் பெயர்கள் மண்சரிவு அறிவித்தல்களில் இடம்பெறும் பாக்கியத்தை அடைந்தன.

அதன் பின்னர்தான், அபாயச் சங்குகளை மீண்டும் நிறுவவேண்டுமா என்ற விவாதம் படித்தவர்களிடையே சூடுபிடித்திருக்கிறது. சங்கு விஷயத்தில் நாங்கள் அனுபவமற்றவர்கள் என்று தாங்கள் எண்ணிவிடலாகாது. மன்னார்க் கரையில் இறங்கி, காடும் காய்ச்சலும் கடந்து, தம்புள்ளை வழியாக நடந்து, வழியிலே இறந்தவர்களை வழியிலேயே விட்டு, மாத்தளைக்கு வந்து சேர்ந்த எங்கள் மூதாதையரைக் கோப்பிக் காலத்திலேயே விடியுமுன் தப்பும் கொம்பும் எழுப்பின. தேயிலை வந்தது, ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலை வந்தது, ஸ்டோருடன் சங்கும் வந்தது. பிரட்டுக் களத்துக்கு ஆள் சேர்க்கும் அந்த ஒலிக்குப் பாட்டரி இறங்கிப் போகவில்லை, மொழிப் பிரச்சினை எழவில்லை, அமைச்சரவைப் பத்திரம் காத்துக் கிடக்கவில்லை. எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பிராவில் காய்ச்சலாய்க் கிடந்தவனுக்கும் அது கேட்டது. உலகிலேயே இத்தனை தலைமுறையாகத் தவறாது இயங்கிய முன்னெச்சரிக்கைச் சாதனம் வேறொன்று இருக்குமென்று நான் கருதவில்லை. ஆயினும் மலைமேல் ஏறிக் கொழுந்து பறிக்க எங்களை அழைத்த அந்தச் சங்கு, மலையைவிட்டு இறங்கி உயிர் தப்புங்கள் என்று ஒரு நாளாவது அழைத்ததாக எங்கள் கிழவர்கள் எவரும் சொல்லக் கேட்டதில்லை. சுடுகாட்டுக்குப் போகும்போது ஊதும் சங்கு வேறு. அதற்குத் தங்கள் அனுமதி தேவைப்படுவதில்லை.

விஞ்ஞானத்தை நான் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல், 100 பெய்தால் புறப்பட ஆயத்தமாதல், 150 பெய்தால் வெளியேறல் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வகுத்து, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என வர்ணமும் தீட்டித் தந்திருக்கிறார்கள். அளவு நேர்த்தியானது, வர்ணங்களும் மங்களகரமானவையே. ஆனால் அந்தச் சிவப்பு எங்களை வந்தடையும் மார்க்கத்தைச் சற்றே சாவதானமாகச் சிந்தித்தருள வேண்டும். அது கொழும்பிலிருந்து கைபேசிக்கு வரவேண்டும். கைபேசிக்கு மின்சாரம் வேண்டும். மின்கம்பம் சாயாதிருக்க வேண்டும். தொலைத்தொடர்புக் கோபுரம் உயிரோடிருக்க வேண்டும். வந்த செய்தி தமிழில் இருக்கவேண்டும். டித்வா நாட்களில் இவற்றில் ஒன்றுகூட உறுதியாயிருக்கவில்லை. தமிழ் அறிவித்தல்கள் தாமதித்தும் குறைந்தும் வந்தனவென்று பலர் எழுதிவிட்டார்கள். இலங்கையின் அரசியலமைப்பில் தமிழும் அரசகரும மொழியாகிப் பல வருஷங்களாயின. மழை மட்டும் அதை அறிந்து சற்றுப் பொறுத்திருக்கத் தவறிவிட்டது.

ஆகவே சங்கு வேண்டும் என்று கேட்க வந்தேன். சங்குக்கு மொழியில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பது பழமொழி. எங்கள் காதுகளில் குறையொன்றுமில்லை, சங்குதான் ஊமையாயிருக்கிறது.

இவ்விடத்தில் தங்கள் நிபுணர்கள் இருமி ஆட்சேபிப்பார்கள் என்பதை அறிவேன். அவர்களது ஆட்சேபம் நியாயமானதும்கூட. 30 மீற்றர் தூரத்தில் 120 டெசிபல் வலிமையுடன் அலறுகிற சங்கானாலும், தூரம் இரட்டிக்குந்தோறும் ஏறத்தாழ 6 டெசிபல் தேய்ந்துகொண்டே போகும்; இடையில் ஒரு மலை முதுகைக் காட்டினால் அதுவும் எஞ்சாது. தகரக் கூரையின்மேல் அடைமழை பெய்யும்போது, அடுப்படியில் நிற்கிற மனைவி ஸ்தோப்பில் நிற்கிற கணவனை மூன்று முறை கூப்பிட்டும் அவன் திரும்பிப் பாராதிருப்பதை நாங்கள் தினமும் காண்கிறோம். அதற்கு வேறு காரணங்களும் உண்டென்றாலும் தகரமே பிரதான காரணம். எனவே தம்புள்ளை நகரச் சந்தியில் ஒரு கம்பம் நட்டு, மாவட்டம் முழுவதும் காப்பாற்றப்பட்டது என்று திறப்பு விழா நடத்துவதை நாங்கள் விரும்பவில்லை. எங்களுக்கு வேண்டுவது லயத்துக்கு லயம் சிறு சங்கு. கையால் சுழற்றினாலே கூவுகிற பழைய மாதிரியானாலும் சரி.

நிபுணர்கள் ஹவாய்த் தீவுகளையும் உதாரணங் காட்டக்கூடும். நானூறு அளவில் சங்குகளை வைத்திருந்த அந்த மாநிலத்தில், 2023 ஓகஸ்டில் லஹைனா நகரம் பற்றியெரிந்து ஏறத்தாழ நூறு பேர் மாண்டபோது ஒரு சங்கேனும் அபாயம் கூறி ஊதவில்லை. ஊதினால் ஜனங்கள் சுனாமியென நினைத்து மலைப்பக்கம், அதாவது நெருப்பை நோக்கி, ஓடியிருப்பார்கள் என்று பொறுப்பதிகாரி விளக்கமளித்துவிட்டு மறுநாள் பதவி துறந்தார். அதிகாரத்தில் இருப்போர் சங்கைப் பற்றி இவ்வளவு ஆழமாகச் சிந்தித்ததை வேறெங்கும் நான் கண்டதில்லை. பனிப்போர் முடிந்ததும் சங்குகள் பலவற்றைக் கழற்றிய ஜேர்மானியர், 2021 ஜூலை வெள்ளத்தில் 180க்கும் அதிகமானோரை இழந்தபின் அவற்றைத் திரும்ப மாட்டத் தொடங்கியதும் தாங்கள் அறிந்ததே. நம் நாட்டுக் கதையோ இன்னும் சுவையானது. 1942 ஏப்பிரல் 4ஆந் திகதியே ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நெருங்கி வருவதை ஒரு கனேடிய விமானி கண்டு செய்தி அனுப்பிவிட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று காலை விமானங்கள் கொழும்பின்மேல் வந்தபோதோ வான்படைத் தளம் திடுக்கிட்டு விழித்தது. செய்தி வந்து சேர்ந்துவிட்டதென்பதற்காகச் சங்கு ஊதிவிட வேண்டுமென்று கட்டாயமில்லை என்பது இந்நாட்டில் பரம்பரை வழக்கு.

செலவு அதிகமென்று தாங்கள் அஞ்சினால் இரண்டு உபாயங்களைச் சமர்ப்பிக்க அனுமதி கோருகிறேன். ஒன்று, கரையோரத்தில் மௌனமாகிவிட்ட கோபுரங்களைக் கழற்றி எங்களுக்கு அனுப்பி வைப்பது. மௌனத்துக்கு மலையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது, வருகிற சுற்றுலாப் பயணிகளும் ரிவர்ஸ்டனுக்குப் போகும் வழியில் அவற்றின் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொள்வார்கள். மற்றது, இதனினும் சிக்கனமானது: இந்த மலைப்பாதைகளில், மழையென்றும் வெயிலென்றும் பாராமல், அரசாங்க உத்தியோகத்தர் எவரும் வராத வளைவுகளுக்கெல்லாம் அனுதினமும் வந்துபோகும் ஒரே அதிகாரி, இசையெழுப்பிப் பாண் விற்கும் சூன் பாண் முச்சக்கரவண்டிக்காரர்தான். பேத்தோவன் வியன்னாவில் யாரோ ஒரு பெண்ணை நினைத்து இயற்றிய இசையை அவர் எங்கள் லயத்து வாசலில் வாசித்துக்கொண்டு வருகையில் குழந்தைகள், கிழவிகள், கோழிகள் ஈறாகச் சகல ஜீவராசிகளும் வெளியே வந்துவிடுகின்றன. மண்சரிவு அறிவித்தலை அவரிடம் ஒப்படைத்தால் வெளியேற்றம் நூறு சதவீதம் நிறைவேறும். ஒரேயொரு இடையூறு, ஜனங்கள் கையில் சில்லறையுடன் வந்து நிற்பார்கள்.

வெளியே வந்தபின் எங்கே போவது என்பதையும் விண்ணப்பத்தில் சேர்க்கவேண்டியிருக்கிறது. பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில் மீரியபெத்தை என்றொரு தோட்டம் இருந்தது. அது அபாய நிலம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, அந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே எச்சரிக்கைக்குக் குறைவில்லை. நாள் இருந்தது, வருஷங்கள் இருந்தன, காகிதமும் இருந்தது. எழுந்து போக ஒரு துண்டு நிலம் மட்டுமே இருக்கவில்லை. சிவப்பு அறிவித்தல் வரும் இரவில், காம்பிராவின் சுவரும் கூரையும் தோட்டத்துக்குச் சொந்தம், கீழேயுள்ள பாடசாலையும் அதே சரிவில் நிற்கிறது, பாதை இடிந்துவிட்டது என்ற நிலையில், குழந்தையை ஒரு கையிலும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களைப் பொலித்தீன் பையில் சுற்றி மறுகையிலும் பிடித்துக்கொண்டு நிற்கிற தாய்க்கு, சங்கு திசை சொல்லாது. ஆகையால் சங்கை அனுப்பும்போது திசையையும் கூடவே அனுப்புமாறு வேண்டுகிறேன்.

கடைசியாக ஒரு சிறு நிர்வாக விஷயம். சங்கு வந்துசேர்ந்தால், அதை ஊதும் அதிகாரம் வளிமண்டலவியல் திணைக்களத்தில் தொடங்கி, தங்கள் நிலையத்துக்கும், அங்கிருந்து மாவட்டச் செயலகத்துக்கும், பிரதேச செயலகத்துக்கும், கிராம உத்தியோகத்தருக்கும், தோட்டத்துப் பெரிய துரைக்கும் இறங்கிவந்து, துரை பங்களாவிலே பூட்டி வைக்கப்படும் என்பது எங்கள் ஊகம். அந்தச் சாவியை, லயத்தின் மேல்வரிசையில் குடியிருந்து, வாசலில் வாளியை வைத்து மழையை அளந்து, பின்சுவரில் விழும் வெடிப்பை நாள்தோறும் விரலால் தொட்டுப் பார்க்கிற எவளேனும் ஒரு கொழுந்துக்காரியிடம் கொடுக்குமாறு பிரார்த்திக்கிறேன். அவள் தவறாக ஊதிவிட்டால் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளலாம். அது தோட்டத்தில் பழக்கமானதுதான்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்த பிரஜை,
மாத்தளை.

பி.கு.: இவ்விண்ணப்பத்தின் சிங்களப் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தமிழ்ப் பிரதியை, மொழிபெயர்ப்பாளர் நியமனமாகும் வரையில், கோவையிலேயே வைத்துக்கொள்ளலாம்.