போயாவுக்கு லீவு, தீபாவளிக்கு மறுநாள்?

கே: மதத்துக்கு மதம் பாடசாலை நாட்காட்டியை வளைத்தால் படிப்பு குழம்பிவிடாதா?
*– வாசகர், நுவரெலியா*

வாரத்தையே வளைத்துப் பார்த்த நாடு இது! 1966 முதல் 1971 வரை சனி, ஞாயிறு விடுமுறை கிடையாது. நிலவின் நான்கு கட்டங்களிலும் வரும் போயா நாளும் அதற்கு முந்திய நாளும்தான் வாரக் கடைசி. ஞாயிறு பூசைக்குப் போக வேண்டிய கிறிஸ்தவப் பிள்ளைக்கு அன்று வகுப்பு. இன்றும் முஸ்லிம் பாடசாலைகளின் தவணை நோன்பு மாதத்தையொட்டி மாறுகிறது. படிப்பு நடக்கத்தானே செய்கிறது?

கே: தீபாவளிக்கு ஒருநாள் லீவு போதாதா? மறுநாளும் எதற்கு?
*– வாசகி, தலவாக்கலை*

கொழும்புக் கடையில் வேலை பார்க்கும் அண்ணன் ஹட்டன் பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்கிறான். மறுநாள் காலை பாடசாலை மணி அடித்தால், தங்கை அவனோடு பேசுவது எப்போது? அந்த லீவும் இனாம் இல்லை. மாகாணம் கொடுத்தால், பதிலுக்கு ஒரு சனிக்கிழமை பாடசாலை உண்டு. கடைசி நேரத்தில் கடிதம் எழுதிக் கேட்டு வாங்குவதுதான் எனக்கு வலிக்கிறது. தீபாவளி என்றைக்கு என்பது முன்கூட்டியே தெரியும். ஜனவரியிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

கே: அடுத்து காமன் கூத்துக்கும் லீவு கேட்பீர்களோ?
*– வாசகர், பொகவந்தலாவை*

கேட்க மாட்டேன், அது இரவில்தானே நடக்கிறது! ஆசிரியர்களிடம் ஒன்று கேட்பேன்: மாசி மாதம் வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையை அடிக்காதீர்கள். முதல் நாள் இரவு அவன்தான் ரதியாக ஆடியிருப்பான்.