மேடையிலிருந்து வக்கீல் அறைக்கு

எங்கள் சின்ன மாமாவின் கல்யாணத்தை ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வைத்திருந்தார்கள். வேண்டுமென்றே பார்த்து வைத்த ராகு காலம். எழுபதுகளின் தொடக்கம், திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம். அழைப்பிதழில் ‘வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா’ என்று அச்சாகியிருந்தது. ஐயரும் இல்லை, ஓமமும் இல்லை. கீற்றுப் பந்தலில் ஒரு மேசை, ஒரு மைக், முன்வரிசை முழுக்கக் கறுப்புச் சட்டைகள். மாமா தாளைப் பார்த்து உறுதிமொழி படித்தார். அடுத்து அத்தை. தாள் பிடித்த கை நடுங்கியது. குரல் மட்டும் கணீரென்று வந்தது. ஒரு மணப்பெண் வாய் திறந்து பேசி எங்கள் ஊர் அன்றுதான் கேட்டது. மாலை மாற்றிக்கொண்டார்கள், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் விளக்கு வைத்த பிறகும் பேச்சு, பேச்சு. பெண்ணுக்குச் சொத்தில் பங்கு வேண்டும் என்று ஒருவர் பேசப் பேச, அவித்த கடலையை மென்றபடி ஊரே கேட்டது.

மந்திரம் இல்லாமல் கல்யாணமா என்று அழுதுகொண்டிருந்த பாட்டி, மறுநாள் பக்கத்து வீட்டில் சொன்னாள்: “பொண்ணு நல்லாப் படிச்சாடி.”

அப்படிப்பட்ட மேடைகளுக்குச் சட்டம் பின்னால்தான் வந்தது. 1928-லேயே அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் சுயமரியாதைத் திருமணம் நடத்திவிட்டார். நாற்பது ஆண்டு காலம், செல்லுமா செல்லாதா என்று தெரியாமலே ஆயிரக்கணக்கானோர் அப்படி மணந்துகொண்டார்கள். செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் தீர்ப்பளித்தது. பிள்ளைகளின் வாரிசுரிமையே கேள்விக்குள்ளானது. அதற்குப் பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. 1967-இல் அண்ணாவின் அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில், ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலே போதும்; அல்லது மாலையோ மோதிரமோ மாற்றினாலும் போதும். தாலி கட்டுவது அவரவர் விருப்பம். அதற்கு முன்பு நடந்தவையும் செல்லும் என்றது அச்சட்டம். அதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்: துணிந்து முன்னே போனவர்களை அரசு திரும்பிப் பார்த்துச் சேர்த்துக்கொண்டது.

அண்மையில் அதே குடும்பத்தில் மாமாவின் பேத்திக்குக் கல்யாணம். குளிரூட்டப்பட்ட மண்டபம். விடியற்காலை முகூர்த்தத்தில் ஐயர் வந்து எல்லாம் முடித்துவிட்டார். பத்து மணிக்குக் கட்சிப் பிரமுகர் வந்து மாலை எடுத்துக் கொடுத்து, ‘நடத்திவைத்து’விட்டுப் போனார்.

“என்ன அத்தை இது?” என்றேன்.

“மாப்பிள்ளை வீட்டுல ஜாதகம் பாக்காம முடியாதுன்னுட்டாங்க தம்பி. நம்ம ஆளுங்கதானே, எதுக்கு விட்டுடணும்?”

ஜாதகத்தை விடுங்கள். அந்த ‘நம்ம ஆளுங்க’தான் எனக்கு வலித்தது. அன்று மைக்கில் உறுதிமொழி படித்த அதே வாய்.

சாதி விட்டுச் சாதி மணப்பவர்களுக்கு இன்று மேடையும் கிடையாது, பந்தலும் கிடையாது. அவர்கள் 7-ஏ பிரிவைத் தேடிப் போவது வக்கீல் அறைக்கு. அப்படி ரகசியமாக நடப்பது திருமணமாகாது என்று 2014-இல் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது: ஊரறியச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, வக்கீல்களும் நண்பர் என்ற முறையில் முன்னின்று நடத்தலாம். குடும்பத்தின் மிரட்டலுக்குப் பயப்படுகிறவர்களால் ஊரைக் கூட்ட முடியாது என்பதை நீதிபதிகள் புரிந்துகொண்டார்கள். அந்தத் தீர்ப்பை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால், ஊரைக் கூட்டி மைக் வைத்துச் செய்வதற்கென்றே பிறந்த ஒரு திருமணம், கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டியதாகிவிட்டதே என்ற ஆற்றாமை எனக்குத் தீரவில்லை.

அப்படியோர் அறையில் நண்பரின் மகனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். மாலை மாற்றிய கையோடு மணப்பெண் வக்கீலைக் கேட்டாள்: “இன்னிக்கு ராத்திரி எங்க சார் தங்கறது?” இப்படிப்பட்டவர்களுக்கு மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லம் அமைக்க மாநிலங்கள் யோசிக்க வேண்டும் என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அண்ணா பெயரைச் சொல்லி ஆள வருகிற எவரும் அந்தப் பெண்ணுக்கு முதலில் ஒரு முகவரி கொடுக்கட்டும்.