மிஸஸ் ஹென்றி உட்டைக் காணோம்

புத்தகக் காட்சி நெருங்கினால் பத்திரிகைகளுக்கு நாவலாசிரியர்களின் ஞாபகம் வந்துவிடும். நம்மவருக்கும் போன் வந்தது. சில நாவல்கள் எழுதியவர், அதில் ஒன்று இரண்டாம் பதிப்பும் கண்டிருக்கிறது. வராமல் இருந்திருந்தால் அதற்கும் கோபித்திருப்பார்.

"சார், சிறப்பிதழுக்கு. உங்களைப் பாதிச்ச மூணு எழுத்தாளர், பிடிச்ச அஞ்சு புத்தகம். நூறு வார்த்தைக்குள்ள. அலமாரி முன்னாடி நின்னு ஒரு போட்டோ. நாளைக்குக் காலைல கிடைச்சாப் போதும்."

நம்மவர் தொண்டையைச் செருமி, "தஸ்..." என்று ஆரம்பித்தார்.

"தஸ்தயேவ்ஸ்கியை ஏற்கெனவே நாலு பேர் சொல்லிட்டாங்க சார். மார்க்வெஸும் முடிஞ்சிடுச்சு. காஃப்கா வேணா ஒரு இடம் இருக்கு."

தீபாவளி நேரத்து நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கேட்டது போல் ஆகிவிட்டது. வருஷக்கணக்காகத் தயாராக வைத்திருந்த பதில் அது. தஸ்தயேவ்ஸ்கி ஏன் என்று கேட்டால் சொல்ல ஒரு வாக்கியம், அந்த வாக்கியத்துக்கு நடுவே ஒரு பெருமூச்சு, எல்லாம் ஒத்திகை பார்த்தாகிவிட்டது. இப்போது அந்தப் பெருமூச்சை காஃப்காவுக்கு மாற்றிப் போட வேண்டும்.

போட்டோவுக்காக அலமாரியைத் திருத்துவது பற்றி வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அவரவர் வீட்டிலும் நடப்பதுதான். டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த 'போரும் வாழ்வும்' தோள் உயரத்துக்கு வந்தது. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் கெட்டி அட்டைகள், நியூ செஞ்சுரி வேனில் சல்லிசாக வாங்கியவை, முதுகு தெரிய வரிசை கட்டின. மாத நாவல்கள் கட்டிலுக்கடியில் போயின. இலக்கியவாதியின் வீட்டில் கட்டிலுக்கடியில் இருப்பதுதான் உண்மையான நூலகம். மேல் தட்டிலிருந்து புரூஸ்டை இறக்கும்போது சமையலறையிலிருந்து குரல் வந்தது:

"ஏங்க, அந்தத் தடிப் புத்தகத்துக்குள்ளதான் கேஸ் ரசீதை வச்சிருக்கேன். எடுத்துடாதீங்க. வீட்ல யாரும் தொடாத இடம்னு அங்க வச்சேன்."

போட்டோ எடுத்தாயிற்று. ரசீதின் நுனி மட்டும் புரூஸ்டுக்கு வெளியே லேசாகத் தெரிகிறது.

இந்தப் பட்டியல்களைப் பற்றி நம்மவரிடம் ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. நாவலாசிரியர்களின் பிடித்த நூல் பட்டியலில் கொலம்பியாக்காரர் இருப்பார், செக் நாட்டுக்காரர் இருப்பார், அடுத்த தெருக்காரர் மட்டும் இருக்கவே மாட்டார். இதற்கு ஆணித்தரமான ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. ஆனால் அதற்கு முன்னால் டால்ஸ்டாய் விஷயத்தை முடித்துவிட வேண்டும்.

1891-ல் பீட்டர்ஸ்பர்க்கைச் சேர்ந்த லெதெர்லே என்ற பதிப்பாளர் டால்ஸ்டாயிடமும் இதே கேள்வியைக் கேட்டார். அப்போது டால்ஸ்டாய்க்கு 63 வயது. 'போரும் வாழ்வும்', 'அன்னா கரேனினா' எல்லாம் எழுதி முடித்து, உலகமே அண்ணாந்து பார்க்கும் இடத்தில் இருந்தார். போட்டோ கேட்காத காலம், பிழைத்தார். அவர் பொறுப்பாக உட்கார்ந்து, பரீட்சைப் பேப்பர் திருத்தும் வாத்தியார் போல வயது வாரியாகப் பிரித்தார். 14 வயது வரை, 14 முதல் 20, 20 முதல் 35, 35 முதல் 50, 50 முதல் 63. ஒவ்வொரு புத்தகத்துக்கும் எதிரே அது தன் மனசில் பதிந்த அளவு: மகத்தானது, மிகப் பெரியது, பெரியது. இது முடியாத பட்டியல், அச்சிட வேண்டாம் என்று கடிதத்தில் எழுதியும் வைத்தார். உலகம் அதை எத்தனை முறை அச்சிட்டது என்பதற்குக் கணக்கில்லை.

சின்ன வயதுக்கு பைபிளின் யோசேப்பு கதையும், ஆயிரத்தொரு இரவுகளின் நாற்பது திருடர்களும் வருகின்றன. அலிபாபாவைச் சொல்ல டால்ஸ்டாய் வெட்கப்படவில்லை. இளமையில் ரூசோ, 'டேவிட் காப்பர்ஃபீல்டு'. 35 முதல் 50 வரை, அதாவது மேலே சொன்ன இரண்டு பெரிய நாவல்களையும் எழுதிய காலத்தில், விக்தோர் ஹியூகோவின் 'ஏழைபடும் பாடு' மகத்தானது. ஹோமரைக் கிரேக்க மூலத்திலேயே படித்தார், அது மிகப் பெரியது. அதே கட்டத்தில், ஹோமருக்குப் பக்கத்திலேயே, மிஸஸ் ஹென்றி உட்டின் நாவல்கள்: பெரியது.

மிஸஸ் ஹென்றி உட்!

நம்மவர் இந்த வரியை முதலில் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். யார் இந்த அம்மாள்? 1861-ல் புத்தகமாக வந்த 'ஈஸ்ட் லின்' என்ற நாவலை எழுதியவர். இங்கிலாந்தையே அழவைத்த கதை அது. சீமாட்டி ஒருத்தி வீண் சந்தேகத்தால் புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஒரு போக்கிரியோடு ஓடுகிறாள். அவன் கைவிடுகிறான். ரயில் விபத்தில் முகம் சிதைகிறது. செத்துப்போனாள் என்று ஊர் நம்புகிறது, புருஷன் மறுமணம் செய்துகொள்கிறான். அவளோ ஒரு கலர்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் சொந்த வீட்டுக்கே, தன் சொந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியையாக வந்து சேர்கிறாள். கட்டின புருஷனுக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னத்தில் ஒரு மச்சம் ஒட்டினால் பெற்ற தாய்க்கே மகனைத் தெரியாமல் போகும் நம் சினிமாவுக்கு இந்த அம்மாள்தான் குலதெய்வமாக இருக்க வேண்டும், கோயில்தான் கட்டவில்லை.

இப்போது 'அன்னா கரேனினா'வை நினைத்துப் பாருங்கள். புருஷனையும் பிள்ளையையும் விட்டுப் போன பெண். ரயில். பிள்ளையைப் பார்க்க அதே வீட்டுக்குத் திருட்டுத்தனமாகத் திரும்பி வருகிறாள். டால்ஸ்டாய் உட் அம்மாளிடமிருந்து சுட்டார் என்று நம்மவர் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் கருத்தரங்குக்குக் கூப்பிடுவார்கள், போக வேண்டியிருக்கும். ஆனால் நாவலின் தொடக்கத்தில் மாஸ்கோவிலிருந்து திரும்பும் ரயிலில் அன்னா ஒரு ஆங்கில நாவல் படித்துக்கொண்டு வருவாள். அது எந்த நாவல் என்று டால்ஸ்டாய் எழுதவில்லை. ஆராய்ச்சியாளர்கள் ட்ரொலோப் என்று சொல்லிக்கொள்ளட்டும், நம்மவருக்குத் தெரியும்.

விஷயம் என்னவென்றால், ஒரு மகா மேதை, தாடியெல்லாம் வைத்துக்கொண்டு, ஹோமருக்குக் கீழே இந்த அம்மாளின் பெயரை எழுத முடிந்திருக்கிறது. தமிழில் எந்த நாவலாசிரியராவது எழுதுவாரா? ஹோமரைக் கிரேக்கத்தில் படித்ததாக வேண்டுமானால் எழுதுவார். நம் பட்டியல்களில் உட் அம்மாள்களே கிடையாது. எல்லோரும் பிறந்து, தவழ்ந்து, நேராகப் போய் 'கரமசோவ் சகோதர'ரைப் பிடித்து எழுந்து நின்றவர்கள். இடையில் யாரும் பேய்க்கதை படிக்கவில்லை. அக்காவுக்கு வந்த தொடர்கதை பைண்டிங்கைத் தலையணைக்குள் ஒளித்துவைத்துப் படிக்கவில்லை. பஜ்ஜி கட்டித் தந்த காகிதத்தில் பாதியில் நின்ற துப்பறியும் கதைக்கு முடிவு தெரியாமல் இன்றுவரை தவிக்கவில்லை. நம்மவர் தவிக்கிறார். நகையைத் திருடியது டிரைவரா, டாக்டரா என்பது அவருக்கு இன்னும் தெரியாது. போன மாதம் இரவு இரண்டு மணிக்குக்கூட அந்த நினைப்பு வந்தது. தஸ்தயேவ்ஸ்கியின் ரஸ்கோல்நிகோவை நினைத்து அவர் இரண்டு மணிக்கு எழுந்ததில்லை.

தமிழ் நாவலுக்கும் ஒரு உட் அம்மாள் உண்டு, மீசை வைத்தவர். ஜி.டபிள்யூ.எம். ரெனால்ட்ஸ். 1844-ல் 'லண்டன் மர்மங்கள்' எழுதத் தொடங்கிய ஆள். அந்தக் காலத்து இந்தியாவில் டிக்கன்ஸை விட அதிகமாக வாசிக்கப்பட்டவர் இவர். ஆரணி குப்புசாமி முதலியார் இவர் கதைகளைத் தழுவித் தழுவி, லண்டன் பிரபுக்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டி, நம் ஊருக்கே குடியேற்றிவிட்டார். திண்ணைகளில் அவற்றைப் படித்துத்தான் ஒரு தலைமுறைக்கு நாவல் என்ற வஸ்துவே பழக்கமானது. இந்தியில் பிரேம்சந்த், சிறு வயதில் ரெனால்ட்ஸை உருதுவில் விழுந்து விழுந்து படித்ததைத் தானே எழுதியிருக்கிறார். நம் பக்கத்துப் பேட்டிகளில் ரெனால்ட்ஸுக்குப் பெஞ்சில் இடமில்லை.

ஹெமிங்வேயிடம் 1958-ல் 'பாரிஸ் ரிவ்யூ' இதே கேள்வியைக் கேட்டது. மார்க் ட்வெயினில் தொடங்கினார், ஃப்ளோபேர், ஸ்தாந்தால் என்று போனார், திடீரென்று பாஹ், மொசார்ட் என்று சங்கீதத்துக்குத் தாவி, கோயா, செசான், வான்கா என்று ஓவியர்களை வரிசையாக அடுக்கினார். கேட்டது இலக்கிய முன்னோடிகள். நம்மவருக்கு இந்த உத்தி ரொம்பப் பிடித்தது. "என்னைப் பாதித்தவர் காருகுறிச்சி அருணாசலம்" என்று சொன்னால் மடக்க முடியுமா? அதெப்படி சார் நாதஸ்வரம் நாவலைப் பாதிக்கும் என்று கேட்கிற தைரியம் எந்த உதவி ஆசிரியருக்கு இருக்கிறது?

அதே ஹெமிங்வே பாரிசுக்குக் கிளம்பியபோது கையில் அறிமுகக் கடிதங்கள் கொடுத்து அனுப்பியவர் ஷெர்வுட் ஆண்டர்சன். நன்றிக்கடனாக 1926-ல் ஆண்டர்சனைக் கிண்டல் செய்து ஒரு முழு நாவலே எழுதினார். தலைப்பைத் துர்கனேவிடமிருந்து எடுத்துக்கொண்டார். 1935-ல், மறுபடி முதல்தடவை போலப் படிக்கக் கிடைத்தால் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வருமானத்தையும் விட்டுக்கொடுப்பேன் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் ஆண்டர்சனின் 'வைன்ஸ்பர்க், ஒஹாயோ' இருந்தது. ஆண்டர்சன் அப்போது உயிரோடுதான் இருந்தார். அடித்துவிட்டு ஒன்பது வருஷம் கழித்துத் தடவிக் கொடுப்பது நமக்கும் தெரிந்த சம்பிரதாயம்தான். இங்கே அதை நினைவுக் கூட்டத்தில் செய்வோம்.

நபகோவ் விஷயத்தில் நம்மவருக்கு மரியாதை அதிகம். தஸ்தயேவ்ஸ்கியை மட்டம் தட்டியவர் என்பதால் இப்போது இன்னும் கூடியிருக்கிறது. 1965-ல் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த உரைநடைகளை வரிசைப்படுத்தினார். முதலில் ஜாய்ஸின் 'யுலிஸஸ்', அடுத்து காஃப்காவின் 'உருமாற்றம்', பிறகு பெலியின் 'பீட்டர்ஸ்பர்க்', நான்காவதாக புரூஸ்டின் பெரும் நாவலில் முதல் பாதி. பாதிதான்! பின்பாதிக்கு மார்க் இல்லை. இந்தப் பின்ன முறையைத் தமிழ்ப் பத்திரிகைகள் உடனே அமல்படுத்தினால் எவ்வளவு பொய் குறையும். நம்மிடம்தான் பின்னங்களுக்குப் பஞ்சமே இல்லையே: 'போரும் வாழ்வும்' முக்கால், 'மோபி டிக்' அரைக்கால், 'யுலிஸஸ்' மாகாணி, புரூஸ்ட் கேஸ் ரசீது வரைக்கும்.

மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' தமிழில் 2013-ல்தான் வந்தது. ஆனால் தொண்ணூறுகளிலேயே சிறுபத்திரிகைக் கதைகளில் பாட்டிகள் பறக்கத் தொடங்கிவிட்டார்கள். புத்தகம் கரை சேர்வதற்கு இருபது வருஷம் முன்பே பாதிப்பு கரை சேர்ந்துவிட்டது. இங்கிலீஷில் படித்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. படித்தவரோடு டீ குடித்தவர்களும் உண்டு. மார்க்வெஸோ தன் கதை சொல்லும் தொனி தன் பாட்டியிடமிருந்து வந்தது என்றார். இங்கே பாட்டி உயிரோடிருக்கும்போது ஊரில் விட்டுவிட்டு, கொலம்பியாவிலிருந்து பாட்டியை இறக்குமதி செய்தோம்.

பட்டியல் என்றதும் க.நா.சு.வைச் சொல்லாமல் விட்டால் பாவம். தமிழில் பட்டியல் போட்டே பகை சம்பாதித்தவர். கல்கியைச் சேர்க்கவில்லை என்று ஒரு கூட்டம் கொதித்தது. அவர் வாயால் மட்டும் சொல்லவில்லை, பிடித்ததைக் கையால் மொழிபெயர்த்தும் போட்டார். நட் ஹாம்சன் 'நிலவள'மாகவும், லாகர்லெவ் 'மதகுரு'வாகவும், லாகர்க்விஸ்ட் 'அன்பு வழி'யாகவும் வந்தார்கள். பாதித்தவர் என்று ஒருவரைச் சொன்னால் அவருடைய ஒரு புத்தகத்தையாவது மொழிபெயர்த்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தால் நம் சிறப்பிதழ்கள் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். நம்மவர் பக்கம் காலியாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம்.

சரி, அடுத்த தெருக்காரர் கதைக்கு வருவோம். அவரை ஏன் யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பதற்கு வைத்திருக்கும் காரணத்துக்கு ஒரே ஓர் ஊர் இடைஞ்சலாக நிற்கிறது: கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அந்த ஒரே கிராமம், ஏறக்குறைய ஒரே வயது. இருவருக்கும் சாகித்திய அகாதெமி. விளாத்திகுளம் சுவாமிகள் பாட்டைக் கேட்கச் சேர்ந்து அலைந்தவர்கள். பள்ளிக்கூடத்துக்கு மழைக்கு ஒதுங்கியபோதும் மழையைத்தான் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்ட கி.ரா., தன்னை ஆக்கியவர்கள் என்று ரசிகமணி டி.கே.சி.யையும் அழகிரிசாமியையும் வாய் ஓயாமல் சொன்னார். அழகிரிசாமி எழுதிய கடிதங்களைப் பத்திரப்படுத்திப் புத்தகமாகவும் போட்டார். கூப்பிடு தூரத்துக்காரரை இப்படிக் கொண்டாடினால் ஒருவன் எப்படிக் கட்டுரை எழுதுவது? இடைசெவலை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டுக் காரணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்மவர் பேனாவை எடுத்தபோது கேட் சத்தம் கேட்டது. அடுத்த தெரு நாவலாசிரியர். கக்கத்தில் ஸ்பைரல் பைண்டிங், அறுநூறு பக்கத்துக்குக் குறையாது.

"சும்மா உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சார்."

முன்னுரை வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள்.