சீலாவதி, மல்லிகா, இன்ன பிற: கேள்வி–பதில்

(போன இதழில் கஞ்சா பற்றி இரண்டு வரி எழுதப்போக, சித்தூர், திருப்பதிப் பக்கத்து வாசகர்கள் மூட்டை மூட்டையாகக் கேள்வி அனுப்பிவிட்டார்கள். மூட்டையில் கேள்விகள் மட்டுமே இருந்தன என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் குறித்துக்கொள்ளவும்.)

கேள்வி: அண்ணா, இண்டிகா ஆளைப் படுக்கப்போடும், சட்டைவா துள்ளி எழ வைக்கும், ‘ஹைபிரிட்’ இரண்டையும் பக்குவமாகக் கலந்து தரும் என்று என் அறைத்தோழன் பாடம் நடத்துகிறான். சரிதானா?
– கல்லூரி மாணவர், திருப்பதி

பதில்: குரல் கணீரென்றுதான் இருக்கிறது, பாடம்தான் தப்பு. 1753-ல் லின்னேயஸ் இந்தச் செடிக்கு ‘சட்டைவா’ என்று பெயர் வைத்தார். 1785-ல் லாமார்க் இந்தியாவிலிருந்து போன செடியைப் பார்த்து ‘இண்டிகா’ என்று இன்னொரு பெயர் வைத்தார். இந்தியச் செடி தலைக்கேறும் என்பதையும் அவர் குறித்தார். ஆனால் தூக்கம் இதற்கு, துள்ளல் அதற்கு என்று பாகப்பிரிவினை செய்தது பிற்கால வியாபாரம். இன்று ஆம்ஸ்டர்டாமிலும் கலிஃபோர்னியாவிலும் பெயர் சூட்டி விற்கிற ரகங்கள் கிட்டத்தட்ட எல்லாமே கலப்புதான். போதை ஏற்றும் டி.எச்.சி. எவ்வளவு, போதை ஏற்றாத சி.பி.டி. எவ்வளவு, புகையாகப் போனதா தின்பண்டமாகப் போனதா, போட்டவருக்கு என்ன வயது, அன்றைக்கு என்ன மனநிலை என்பதைப் பொறுத்துத்தான் விளைவு. ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்க்காமல் முதல் இரண்டும் யாருக்கும் தெரியாது. கலிஃபோர்னியாவில் டப்பாவில் சீட்டு ஒட்டியிருக்கும். உங்கள் தோழனின் பொட்டலத்தில் பழைய செய்தித்தாள்தான் இருக்கும்; அதைப் படித்தாலாவது பொது அறிவு வளரும்.

கேள்வி: ஹைபிரிட் விதை என்று இணையத்தில் விற்கிறார்களாமே, விதைத்தால் அதே குணம் வருமா? (சும்மா தெரிந்துகொள்ளத்தான்.)
– மாந்தோப்புக்காரர், தாமல்செருவு

பதில்: அடைப்புக்குறிக்குள் இருப்பதை நம்புகிறேன். உங்களுக்கு மாம்பழத்திலேயே சொல்லிவிடலாம். மல்லிகா, நீலத்துக்கும் தசேரிக்கும் பிறந்த கலப்பு. அதன் கொட்டையை ஊன்றினால் மல்லிகா வராது, ஒட்டுக்கட்ட வேண்டும். கஞ்சாவும் அப்படியே. கலப்பின் விதை ஒவ்வொன்றும் தாத்தா பாட்டியில் யாரையாவது பிடித்துக்கொண்டு முளைக்கும். அதனால் சட்டம் அனுமதிக்கிற நாடுகளில், தேறிய ஒரு பெண்செடியின் கொம்பை நறுக்கி வேர்விட வைத்து, அதே செடியைப் படியெடுத்துக்கொண்டே போகிறார்கள்.

பெண்செடி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த இனத்தில் ஆண் தனி, பெண் தனி. மகரந்தம் பட்டுவிட்டால் பெண்செடி விதை பிடிப்பதில் இறங்கிவிடும், போதைப் பிசின் குறைந்துபோகும். 19ஆம் நூற்றாண்டில் வங்காளத்து நவ்காவ் வயல்களில் ஆண்செடியைக் கண்டுபிடித்துக் களைவதற்கென்றே ஒரு தொழில்காரர் இருந்தார். ஊரில் அவருக்குப் ‘பொத்தார்’ என்று பெயர், வெள்ளைக்காரர் குறிப்புகளில் ‘கஞ்சா டாக்டர்’. ஆண் என்று தெரிந்தால் மருந்து மாத்திரை எல்லாம் கிடையாது, நேரே பிடுங்கல்தான். ‘வீரிய ஒட்டு ரகம்’ என்று இன்றைக்கு விளம்பரம் செய்கிறவர்கள் அவருடைய பேரப்பிள்ளைகள். கட்டணம் மட்டும் ஏறிவிட்டது.

கேள்வி: ‘சீலாவதி’தான் நம்மூர் ஒசத்தி சரக்கு என்கிறார்களே? பதிவிரதை பேர் மாதிரி இருக்கிறதே?
– ஆட்டோ ஓட்டுநர், சித்தூர்

பதில்: பெயர் பத்தினி, புழங்குவது பத்துக் கை. ஆந்திர–ஒடிசா எல்லையில் சிந்தப்பள்ளி, பாடேரு பக்கத்து மலைகளில் விளைவதற்குப் போலீசும் வியாபாரிகளும் ஒற்றுமையாகச் சொல்கிற பெயர் அது. இடுக்கியில் கெடுபிடி ஏறியபோது அங்கிருந்து கிளம்பியவர்கள்தான் விதையும் கையுமாக இங்கே மலையேறினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. 2021 கடைசியில் ஆந்திர போலீஸ் ‘ஆபரேஷன் பரிவர்த்தன’ என்று இறங்கி ஆயிரக்கணக்கான ஏக்கரில் செடிகளை வெட்டிச் சாய்த்தது. 2022 பிப்ரவரி 12 அன்று அனகாபல்லி அருகே கோடூரில் 2 லட்சம் கிலோவைக் குவித்துக் கொளுத்தினார்கள். அன்று காற்று எந்தப் பக்கம் வீசியதோ.

ஒசத்தி விஷயத்துக்கு வருகிறேன். மலையிலிருந்து இறங்கும் சரக்கை இலை, காம்பு, விதை எல்லாம் சேர்த்துச் செங்கல் மாதிரி அமுக்கி, மாதக்கணக்கில் பதுக்கி, நாலு கை மாற்றித்தான் கொண்டுவருகிறார்கள். நாளாக நாளாக டி.எச்.சி. சிதைந்து சி.பி.என். என்ற வேறு பொருளாகிவிடும். சித்தூர் வந்து சேரும்போது அது சீலாவதியா, சீலாவதியின் ஒன்றுவிட்ட சித்தியா என்று சொல்ல ஆளில்லை.

கேள்வி: ரகத்துக்கு ரகம் எலுமிச்சை வாசம், மாம்பழ வாசம், மிளகு வாசம் என்கிறார்கள். எசன்ஸ் ஊற்றுகிறார்களா?
– மளிகைக் கடைக்காரர், சித்தூர்

பதில்: தேவையில்லை, செடியே ஊற்றிக்கொள்கிறது. பெண்பூவின் மேல் பனித்துளி போல மின்னுகிற நுண்மயிர்களில்தான் போதைப் பிசினும் சுரக்கிறது, டெர்பீன் என்கிற வாசனைப் பொருள்களும் சுரக்கின்றன. எல்லாம் உங்கள் கடையிலேயே இருப்பவை. எலுமிச்சைத் தோலில் இருப்பது லிமோனீன், மிளகிலும் கிராம்பிலும் காரியோஃபிலீன், மாம்பழத்தில் மிர்சீன். டி.எச்.சி.க்கென்று தனி வாசனை கிடையாது. ஆகவே மூக்கை வைத்து வீரியத்தை எடை போடுகிற ‘நிபுணர்கள்’ சொல்வதெல்லாம் மூக்குச் சாஸ்திரம். இன்னொன்று: மாம்பழம் தின்றுவிட்டு இழுத்தால் போதை இரட்டிப்பாகும் என்று உலகம் முழுக்க ஒரு கதை உலவுகிறது. மிர்சீன் என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கட்டிய கோட்டை அது. நிரூபணம் ஏதும் இல்லை. அது மட்டும் உண்மையாக இருந்தால் மே மாதத்தில் சித்தூர் மாவட்டமே தள்ளாடும்.

கேள்வி: காப்பித்தூளுக்குள் புதைத்துக் கொண்டுபோனால் மோப்ப நாய் ஏமாந்துவிடுமாமே?
– பெயர் வேண்டாம், ரேணிகுண்டா

பதில்: பெயர் வேண்டாம் என்றதிலேயே உங்கள் புத்திசாலித்தனம் தெரிகிறது. அது அத்தோடு நிற்கட்டும். நாய் தேடுவது போதையை அல்ல. காரியோஃபிலீன் ஆக்சைடு என்ற வாசனைப் பொருளை. காப்பி வாசம் நமக்குத்தான் எல்லாவற்றையும் மூடுகிறது. நாய்க்குக் காப்பி தனி, கஞ்சா தனி, உங்கள் வியர்வை தனி.

கேள்வி: ‘துளசி வனத்தில் கஞ்சாச் செடி’ என்று தெலுங்கில் திட்டுகிறார்களே, இரண்டுக்கும் அப்படி என்ன ஜென்மப் பகை?
– இல்லத்தரசி, புத்தூர்

பதில்: பகையாளிகள்தான், ஆனால் பங்காளிகளும்கூட. துளசி எண்ணெயிலும் அதே காரியோஃபிலீன் இருக்கிறது. குடும்பத்தில் உருப்படாமல் போன பிள்ளையைச் சொல்லும் வசவு அது. நல்லவன் கெட்ட கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் ‘கஞ்சா வனத்தில் துளசிச் செடி’ என்று திருப்பிப் போடுவார்கள். திருப்பதியில் துளசிக்குக் குறைவில்லை. பழமொழியின் மறுபாதிக்கும் கொஞ்ச காலமாகக் குறைவில்லை என்பதுதான் வருத்தம்.

கேள்வி: என் தங்கை மகன் விடுதியில் தங்கிப் படிக்கிறான். ‘சாக்லேட்தான் பெரியம்மா, புகைகூட இல்லை’ என்கிறான். ஆபத்து குறைவுதானே?
– ஓர் அம்மா, திருச்சானூர்

பதில்: அம்மா, இதில் மட்டும் விளையாட்டை விட்டுவிட்டுப் பேசுகிறேன். புகைத்தால் சில நிமிடங்களில் ஏறும், இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கும். தின்றால் ஈரலுக்குப் போய் இன்னும் வீரியமுள்ள பொருளாக மாறித்தான் மூளைக்குப் போகும். ஏறுவதற்கே அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஆகும். பையன்கள் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ‘ஒன்றும் ஆகலையே’ என்று இரண்டாவதைப் போடுவார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து வரும். நெஞ்சு படபடப்பு, வாய் உலர்தல், நேரம் நகராமல் நிற்பது போன்ற உணர்வு, யாரோ துரத்துகிறார்கள் என்ற பயம் எல்லாம் பல மணி நேரம் நீடிக்கும்.

வயதும் முக்கியம். பழகியவர்களில் சுமார் பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்வயதிலேயே தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர். வீட்டில் மனச்சிதைவு நோய் யாருக்காவது இருந்திருந்தால் அந்தப் பையன் இதன் நிழலில்கூட நிற்கக் கூடாது. வீரியமான சரக்கும் சின்ன வயதும் சேர்ந்தால் அந்த நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. சரக்கும் பழைய சரக்கு அல்ல. அமெரிக்காவில் பறிமுதலானவற்றில் 1995-ல் சுமார் 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி. 2021-க்குள் 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

திட்டாதீர்கள், பேசுங்கள். 14446 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள். தானாக முன்வந்து சிகிச்சை எடுக்கிறவருக்கு வழக்கிலிருந்து விலக்குத் தர போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவில் வழியிருக்கிறது. அந்தப் பிரிவு இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. ‘பெரியம்மா’ என்று உங்களிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறானே, அந்தப் பிடியை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இலைதானே, இயற்கைதானே?
– இயற்கை விரும்பி, காளஹஸ்தி

பதில்: எட்டிக்கொட்டைகூடக் கடையில் செய்ததில்லை.

கேள்வி: தோத்தாபுரி மாம்பழத்துக்கு விலை இல்லை. ஊடுபயிராக நாலு செடி வைத்தால் என்ன? அரசே வழி காட்டக் கூடாதா?
– விவசாயி, பங்காருபாளையம்

பதில்: 2025-ல் தோத்தாபுரி கிலோ 12 ரூபாய் என்று கணக்குப் போட்டார்கள். ஆலைக்காரர் 8, அரசு 4. அந்த 12-ஐக் கையில் வாங்க மண்டி வாசலில் வண்டியோடு காத்துக்கிடந்த வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, கஞ்சா பயிரிட்டால் 10 ஆண்டுவரை கடுங்காவல், 1 லட்சம்வரை அபராதம் என்கிறது. நாலு செடிக்குத் தனிச் சலுகை எதுவும் அதில் எழுதியில்லை. உங்கள் நிலத்தில் வேறு யாராவது வைத்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்தாலும் குற்றம்.

அரசு வழி காட்ட முடியாதா என்றால், முடியும். நாருக்கும் விதைக்கும் வளர்க்க அனுமதி தர அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு இடம் தருகிறது. உத்தராகண்ட் 2018-ல் அந்தக் கதவைத் திறந்தது, டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டாத ரகத்துக்கு மட்டும். அதை இழுத்தால் இருமல்தான் வரும். 2021-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக ஏற்றுக்கொண்டது. நம் பக்கத்து வறண்ட நிலத்துக்கு அது தோதுப்படுமா என்று வேளாண் பல்கலைக்கழகம் முறையாகச் சோதித்துப் பார்க்கலாம் என்பதே என் கட்சி. அதுவரை ஊடுபயிருக்கு உளுந்து போடுங்கள். உளுந்துக்கு ஜாமீன் தேவையில்லை.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்தில் கஞ்சாக் கடைக்கு ஏலம் விடுவார்கள் என்பார். நிஜமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சித்தூர்

பதில்: நிஜம், ஐயா. சென்னை மாகாணத்தில் அதுவும் சர்க்கார் வருமானம். அன்றைய வடஆற்காடு மாவட்டத்தின் ஜவ்வாது மலையிலும், கிருஷ்ணா மாவட்டத்தில் சந்தராவூர் பக்கமும் கஞ்சா விளைந்தது. அந்த வடஆற்காட்டுக்குத் தலைநகர் வேறு எதுவுமில்லை, உங்கள் சித்தூர்தான். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமான பிறகே வேலூருக்கு அந்தக் கிரீடம் போயிற்று. 1893-ல் வெள்ளைக்கார அரசு கஞ்சாவை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டது. அது 1,193 சாட்சிகளை விசாரித்து ஏழு தொகுதி எழுதி, அளவான பழக்கத்தால் பெரிய கேடில்லை, அடியோடு தடைசெய்ய வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்று முடித்தது. வரி வாங்குகிறவனே தீர்ப்பும் சொன்னான் என்பதை மறக்க வேண்டாம். என்றாலும் அவ்வளவு பொறுமையாக அதற்குப் பிறகு யாரும் இந்த நாட்டில் விசாரித்ததில்லை.

கேள்வி: சித்தர்களே ‘கோரக்கர் மூலி’ என்று கொண்டாடியிருக்கிறார்களே?
– சித்த மருத்துவ அபிமானி, நகரி

பதில்: கொண்டாடினார்கள், சுத்தி செய்தும் கொண்டாடினார்கள். வைத்தியர் சீட்டு எழுதி, அளவு பார்த்து, பத்தியத்தோடு தரும் மருந்து வேறு. மூன்றாம் பிளாட்ஃபாரத்தில் வாங்கும் மூலி வேறு. கோரக்கர் உங்கள் பொட்டலத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை.

கேள்வி: பாங்காக்கில் சட்டப்படி கிடைக்கும் ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாமல் வளர்த்த) சரக்கைக் கொண்டுவந்தால் இங்கே ஏன் பிடிக்கிறார்கள்?
– சுற்றுலாப் பிரியர், திருப்பதி

பதில்: தாய்லாந்து 2022-ல் அவிழ்த்துவிட்டது, 2025-ல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியது. அவர்கள் அவிழ்த்தாலும் இறுக்கினாலும் சென்னை, பெங்களூரு விமான நிலையங்களில் நம் சட்டம்தான். இன்னும் கொஞ்சம் தெற்கே பறந்து பாருங்கள். 2023 ஏப்ரல் 26 அன்று சிங்கப்பூரில் 46 வயதுத் தமிழர் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு கிலோவுக்குச் சற்றே மேற்பட்ட கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்பது வழக்கு. சரக்கு அவர் கையில் பிடிபடவே இல்லை, தொலைபேசி எண்களைப் பெரிதும் நம்பியே தீர்ப்பு.

கேள்வி: இங்கே யார் அதிகம் மாட்டுகிறார்கள்?
– வழக்கறிஞர் குமாஸ்தா, சித்தூர்

பதில்: தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள். ஒரு கிலோவரை சிறு அளவு, ஓர் ஆண்டுவரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு, ஜாமீன் குதிரைக்கொம்பு. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுகிறவன் கூலிக்காரன். சரக்கு யாருடையது, யாருக்குப் போகிறது என்பது அவனுக்கே முழுதாகத் தெரியாது. செம்மரக் கடத்தலிலும் இதே கதைதான்: 2015-ல் சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டுச் செத்த 20 பேரும் கூலிக்காரர்களே. முதலாளி எந்தக் காட்டிலும் எந்தப் பெட்டியிலும் ஏறுவதில்லை.

கேள்வி: இவ்வளவு விவரம் பேசுகிறீர்களே, நீங்கள் இழுத்ததுண்டா?
– வம்பு வாசகர், குப்பம்

பதில்: 1,194-ஆவது சாட்சியாக என்னைக் கூண்டில் ஏற்றப் பார்க்கிறீர்கள். போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி உட்கொள்வதும் குற்றம், ஆறு மாதம்வரை உள்ளே தள்ளலாம். ஜாமீன் தொகையை ஆசிரியர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.