ஓடிபி சொல்லும் அப்பா

கும்பகோணத்தில் அந்தத் தெருவுக்குள் கேஸ் வண்டி நுழையும்போது காலை பதினொன்றரை இருக்கும். துபாயில் அப்போது மணி பத்து. அங்கே ஓர் அலுவலகத்தில் மீட்டிங் சூடுபிடித்திருக்கும் நேரம். இங்கே சிலிண்டரை வாசல்படியில் இறக்கிவிட்டு, "ஓடிபி சொல்லுங்கக்கா" என்று நிற்கிறார் டெலிவரிக்காரர். அது அக்காவின் போனுக்கு வராது. கேஸ் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. வீட்டுக்காரரின் இந்திய நம்பரோ ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் தள்ளி, அந்த மீட்டிங்கில், அவர் சட்டைப் பையில் இருக்கிறது. நம்மவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போகிறார். ஏதோ பெரிய கான்ட்ராக்ட் விஷயம் என்று மேனேஜர் நினைத்துக்கொள்கிறார். வராந்தா மூலையில் நின்று நம்மவர் வாய்ஸ் மெசேஜில் கிசுகிசுப்பதெல்லாம் ஒரு சிலிண்டரைச் சமையலறைக்குள் உருட்டுவதற்கான எண்தான்.

இணைப்பை மனைவி நம்பருக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று புத்தி சொல்பவர்கள் உண்டு. அடுத்த லீவில் மாற்றிவிடுவதாக அவரும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். மாற்றமாட்டார். அதையும் மாற்றிவிட்டால் அந்த வீட்டில் அவர் பார்க்கிற வேலை என்று எது மிஞ்சும்?

ஐக்கிய அரபு அமீரகத்தில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருக்கிறார்கள். லேபர் கேம்ப்பில் அடுக்குக் கட்டிலில் படுப்பவர்களைப் பற்றிச் செய்தி வரும். வில்லா வாங்கியவர்களைப் பற்றியும் வரும். நம்மவர் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் எதிலும் வருவதில்லை. ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். 2019-ல் அமீரக அரசு குடும்ப விசா விதியைத் தளர்த்தியது. என்ன உத்தியோகம் என்று பார்க்கமாட்டோம். மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் இருந்தால் போதும், அல்லது 3,000 திர்ஹமும் தங்க இடமும் இருந்தாலும் சரி என்றது. சட்டம் வாங்க வாங்க என்றது. வீட்டு வாடகையும் பள்ளிக்கூடக் கட்டணமும் போங்க போங்க என்றன. குடும்பம் வந்து பார்த்துவிட்டு, ஊரே தேவலை என்று திரும்பிவிட்டது. துபாயைவிட வாடகை மலிவு என்று நம்மவர் ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஒரு பெட் ஸ்பேஸ் பிடித்தார். ஓர் அறைக்கு நான்கு கட்டில். 'பேச்சிலர்களுக்கு மட்டும்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. நான்கு பேச்சிலர்களுக்கும் சேர்த்து ஒன்பது பிள்ளைகள்.

ஒன்றரை மணி நேர வித்தியாசமெல்லாம் ஒரு வித்தியாசமா என்று அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் கேட்பார். அவருக்குப் பகலும் இரவுமே தலைகீழ் என்பதால் முறையாக நேரம் குறித்து வைத்துப் பேசுகிறார். ஒன்றரை மணி நேரம் அப்படியில்லை. பக்கத்தில் இருப்பதுபோல ஆசை காட்டி மோசம் செய்யும். மகள் எட்டு மணிக்குப் பள்ளி வேன் ஏறும்போது அங்கே ஆறரை. ஷார்ஜாவிலிருந்து துபாய் போகும் சாலை நெரிசலுக்குப் பயந்து அப்போதே பஸ் ஏறிய நம்மவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார். சாயங்காலம் அதே நெரிசலில் ஊர்ந்து அறைக்கு வந்து, முகம் கழுவி, எட்டு மணிக்கு போனை எடுத்தால் கும்பகோணத்தில் ஒன்பதரை.

"இப்பதாங்க தூங்குனா. எழுப்பட்டுமா?"

"வேணாம் வேணாம். சும்மா காட்டு."

மனைவி போனைத் திருப்பும்போது குழந்தைக்கு முன்னால் மின்விசிறிதான் தெரியும். "ஏன் அஞ்சுல வச்சிருக்க? அவளுக்குச் சளின்னு நேத்துதானே சொன்ன?" மகளைப் பார்க்க வந்த அப்பா ஃபேன் ரெகுலேட்டரைப் பார்த்துவிட்டுப் போவது இப்படித்தான்.

வாரவிடுமுறையும் அவருக்கு வெகுநாள் எதிர்க்கட்சியாகவே இருந்தது. அமீரகத்தில் 2021 முடியும்வரை வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மகள் சும்மா இருக்கும்போது அப்பா அலுவலகத்தில். வெள்ளிக்கிழமை அப்பா சும்மா இருக்கும்போது மகள் பள்ளிக்கூடத்தில். 2022 ஜனவரியில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரைநாள், சனி ஞாயிறு முழு விடுமுறை என்று மாறியது. கம்பெனிகளும் பின்னாலேயே மாறின. நம்மவர் அறைத் தோழர்களுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார். "இனிமே ஞாயித்துக்கிழமை முழுக்க அப்பா உன்கூடத்தான்" என்று மகளிடம் அறிவித்தார். மகளின் ஞாயிற்றுக்கிழமையில் பாட்டு கிளாஸ் இருந்தது, அத்தை வீடு இருந்தது, எதிர்வீட்டுப் பூனைக்குட்டிகள் இருந்தன. நடுவில் தலை பின்னும் பத்து நிமிடத்தை அப்பாவுக்கு ஒதுக்கினாள். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அம்மா பின்னுவார். அப்பாவுக்கு ஒரு காதும் பாதி ஜடையும் தெரியும்.

ரமலான் மாதம் மட்டும் விதிவிலக்கு. அந்த மாதத்தில் வேலை நேரத்தைத் தினமும் இரண்டு மணி நேரம் குறைக்க வேண்டும் என்பது அமீரகச் சட்டம். நோன்பு வைப்பவர், வைக்காதவர் எல்லோருக்கும் அது பொருந்தும். நம்மவர் வைகாசி விசாகத்துக்குக்கூட இவ்வளவு காத்திருந்ததில்லை. சீக்கிரம் அறைக்கு வந்து இந்திய நேரம் ஏழு மணிக்கே போனில் உட்கார்ந்து, வாய்ப்பாடு கேட்பார், கையெழுத்தைத் திருத்துவார், நோட்டுப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகக் காட்டச் சொல்வார். இரண்டாவது வாரத்தில் மகள் கேட்டாள்: "அப்பா, ரம்ஜான் எப்பப்பா முடியும்?"

இதில் தொழில்நுட்பச் சிக்கல் தனி. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரலைப் பதிந்து அனுப்பலாம். கூப்பிட்டுப் பேச மட்டும் முடியாது. அதற்குப் போட்டிம் மாதிரி அனுமதி பெற்ற செயலிகள்தான் வேண்டும். இதை ஊரில் இருக்கும் அம்மாவுக்கு விளக்கிப் புரியவைக்க நம்மவரால் இன்றுவரை முடியவில்லை. "பக்கத்து வீட்டுப் பையன் சிங்கப்பூர்லேருந்து அதுலதானே பேசுறான் தம்பி, ஒனக்கு மட்டும் என்ன?" என்பார். மகன் போன் பில் மிச்சம் பிடிக்கிறான் என்பது அவருடைய முடிவு.

பேச முடியாத நேரத்தில் நம்மவர் பார்ப்பார். போன லீவில் வாசலுக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று என்று காமிரா மாட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினார். பாதுகாப்புக்கு என்று பேர். அன்றிலிருந்து மதிய இடைவேளையில் ஒரு கையில் சாப்பாடும் ஒரு கையில் வீடுமாக உட்கார்ந்திருக்கிறார். கொல்லைக் குழாய் சொட்டுவது, பால்காரர் கேட்டைச் சாத்தாமல் போவது, மாடு கறிவேப்பிலைச் செடியை மேய்வது எல்லாம் துபாயிலிருந்து உடனுக்குடன் அறிவிக்கப்படும். மாட்டை விரட்ட மனைவி ஓடிவரும்போது, "இடது பக்கம், இடது பக்கம்" என்று போனில் வழி வேறு சொல்வார். மகளின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறார். நாளைக்குப் பச்சை நிற உடை என்று டீச்சர் போட்டால், கும்பகோணத்தில் யாரும் பார்ப்பதற்குள் அவர் பார்த்துவிடுவார். பச்சைப் பாவாடை எந்த பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அது வேறு துறை.

ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி 2023-24-ல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் 118.7 பில்லியன் டாலர். அதில் 19.2 சதவீதம் அமீரகத்திலிருந்து வந்தது. பணம் பெற்ற மாநிலங்களில் மகாராஷ்டிரம், கேரளத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. இந்த மாபெரும் புள்ளிவிவரத்தின் ஓர் ஓரத்தில் நம்மவர் அனுப்பிய மாடிப்படிக் கைப்பிடி, அம்மாவின் கண்புரை ஆபரேஷன், மகளின் கியர் சைக்கிள் எல்லாம் இருக்கின்றன. சைக்கிளுக்குக் கியர் வேண்டாம் என்று அவர் போட்ட உத்தரவு எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை.

பிறகு பெட்டி. ஒருகாலத்தில் துபாய்க்காரர் பெட்டி திறக்கும்போது தெருவே கூடும். இப்போது டாங்க் பவுடரும் பாதாமும் கோடாலித் தைலமும் கும்பகோணம் கடைகளிலேயே கிடைக்கின்றன. பெரிய டிவியோடு இறங்கும் கம்பீரத்துக்கு 2013 ஆகஸ்டில் மத்திய அரசு வரி போட்டுவிட்டது. நகையிலும் நியாயம் இல்லை: வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் இருந்துவிட்டு வருபவர் வரியில்லாமல் கொண்டுவரலாம், ஆனால் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம். 40 கிராமுக்குத் தகுதியானவர் கும்பகோணத்தில் இருக்கிறார். 20 கிராம்காரர்தான் விமானம் ஏறுகிறார். இருந்தாலும் பெட்டி 30 கிலோவைத் தொடாமல் நம்மவருக்குத் தூக்கம் வராது. தொங்கு தராசில் மாட்டி, 31 காட்டினால் சோப்பை எடுத்து, 29 காட்டினால் சோப்பை வைத்து, விடியும்வரை சோப்போடு போராடுவார்.

திரும்பும் பெட்டியை அம்மா கட்டுகிறார். பருப்புப் பொடி, மோர் மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய் வரை பிரச்சினையில்லை. பிறகு கசகசா. குருமாவுக்கு அரைத்துவிடும் அந்த அப்பாவி வெள்ளை விதை அபின் செடியினுடையது என்பதால் அமீரகத்தில் போதைப்பொருள் கணக்கில் சேரும், மாட்டினால் சிறை. "ஒரு ஸ்பூனுதானே தம்பி, மசாலாவுலயே கலந்துட்டேன், தெரியாது" என்று அம்மா ரகசியம் சொன்னபோது, கிலோ கணக்கில் கடத்தல் செய்தவர்போல நம்மவருக்கு வியர்த்துவிட்டது. மசாலாவை அந்த நிமிடமே எதிர்வீட்டுக்குத் தானம் செய்தார்.

ஊரில் இருக்கும் முப்பது நாளும் நம்மவர் விருந்தாளி, ஆனால் அது அவருக்குத் தெரியாது. முதல் வாரம் டிகிரி காபியைப் புகழ்வார். இரண்டாவது வாரம், ஒரு திர்ஹம் கரக் டீ மாதிரி வராது என்று பெருமூச்சு விடுவார். கதவைத் திறந்து போட்டுவிட்டு ஏசியை 20-ல் வைப்பார். வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியனை "யல்லா, யல்லா" என்று விரட்ட, அவர் கல்லாவைக் கேட்கிறார் என்று அந்த ஆள் விழிப்பார். மூன்றாவது வாரம் நிர்வாகச் சீர்திருத்தம். ஷூ ஸ்டாண்டு வெளியே போகும். சாப்பாட்டு மேசை ஜன்னலோரம் வரும். மகள் படிக்கும் இடம் வெளிச்சத்தை முன்னிட்டு மாற்றப்படும். மனைவி எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்பார். எதிர்ப்பே இல்லாத இந்த ஒத்துழைப்பு ஏன் என்று ஒரு கணக்காளருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

போன தடவை திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தில், செக்-இன் முடித்து, விமானத்துக்கு நேரம் இருக்கிறதே என்று கூடத்துக் காமிராவைத் திறந்தார். சாப்பாட்டு மேசை நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு முனையை மனைவியும் மறுமுனையை அம்மாவும் பிடித்திருக்க, ஷூ ஸ்டாண்டைத் தனியாளாக இழுத்து வந்தாள் மகள்.

உடனே போன் போட்டார். "மேசை ஏன் நகருது?"

"மேசையா? அது அங்கேயேதாங்க இருக்கு. அங்க நெட்டு சரியில்ல போலருக்கு. நீங்க போர்டிங்கைப் பாருங்க."

மேற்கொண்டு விசாரிப்பதற்குள் ஒரு நாற்காலி காமிராவை நோக்கி வந்தது. அதன்மேல் மகள் ஏறினாள். திரை முழுக்க அவர் வாங்கிவந்த பூப்போட்ட துண்டு.