மாடவீதி உலா
மயிலாப்பூரை நண்பர்களோடு நடந்தே பார்ப்பது என்னும் விடுமுறைச் சடங்கு, கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நான்கு பக்கமும் ஓடும் மாடவீதிகளில் காலை ஆறு மணிக்குத் தொடங்குவதாகத் திட்டமிடப்பட்டு, ஒருவர் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டே இருப்பதால், எட்டரைக்குத் தொடங்குவதாகும். கல்வெட்டில் 1516 என்று ஆண்டு பொறித்த லஸ் தேவாலயம் வரை போவதென முந்தைய இரவே ஒருமனதாக முடிவாகியிருந்தாலும், டவரா எனப்படும் விளிம்பு வைத்த வட்டக் கிண்ணத்தில் ஆற்றிக் குடிக்கும் இரண்டாவது காபியோடு அத்தீர்மானமும் ஆறிவிடுகிறது. ஐந்நூறு ஆண்டு நின்ற கட்டடம் அடுத்த ஞாயிறு வரை நிற்காதா என்பதே (வெயிலேறிய பின்) பெரும்பான்மைக் கருத்து. தெப்பக்குளத்துக்கு முதுகைக் காட்டி எடுத்த படங்கள் மட்டும் நாற்பதைத் தாண்டும். குளத்தில் தண்ணீர் இருந்ததா என்று வீட்டில் யாரேனும் கேட்டால், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.