நமத்த வெடி

பெரிய நடிகரின் படம் ஓடவில்லையா, கட்சி மாநாட்டில் கூட்டம் சேரவில்லையா, உடனே ‘நமத்துப்போன பட்டாசு’ என்கிறார்கள் டிவியில். இங்கிலீஷ்காரர்களும் இதையே ‘டேம்ப் ஸ்குயிப்’ என்பார்கள். ஆர்ப்பாட்டம் பெரிசு, கடைசியில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். சிவகாசிச் சீமையில் வளர்ந்த எனக்கு அதை அவ்வளவு லேசாகச் சொல்ல வருவதில்லை.

எண்பதுகளில் சாத்தூர்ப் பக்கம் எங்கள் கரிசல் கிராமத்தில் அப்பாவுக்கு மானாவாரி விவசாயம். அம்மா பட்டாசு ஆலைக்குப் போனாள். ஐப்பசி பிறந்துவிட்டால் அப்பா மேகத்தைப் பார்ப்பார், அம்மா வெயிலைப் பார்ப்பாள். மழை குறைந்த மண் என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றின. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது 1920-களில். ஆனால் தீபாவளி வருவதோ சரியாக அடைமழைக் காலத்தில்!

தூறல் விழுந்தால் காயப்போட்ட சரக்கை அவசரமாக அள்ளி உள்ளே போட்டுவிட்டு ஆட்களை அனுப்பிவிடுவார்கள். செய்த உருப்படிக்குத்தான் கூலி; அன்றைக்கு ஒன்றும் கிடையாது. அப்பா வாசலில் நின்று மண்வாசனையில் பூரித்திருப்பார். அம்மா முந்தானையைத் தலையில் போட்டபடி நனைந்து வருவாள்.

“என்ன மதினி, இன்னைக்கும் வேலை இல்லையா?” என்பார் பக்கத்து வீட்டு அத்தை.

“கூலி போனாப் போகுது மதினி. மிச்சம் கிடக்கிற மருந்து ஈரத்துல சூடேறிருமோன்னுதான் பயமா இருக்கு.”

அதுதான் விஷயம். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடு கிளம்பி, தானாகவே வெடித்துவிடலாம். மிச்ச மருந்தை அன்றன்றைக்கே அழித்துவிட வேண்டும் என்பது அதனால்தான். நமத்தது வெடிக்காது என்ற நினைப்பு ஆலை வாசலுக்கு வெளியேதான் செல்லும்.

இன்று அப்பாவின் நிலத்தில் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. மழையை வேண்டிக்கொள்ள வீட்டில் யாருமில்லை. ஆலைக்குப் போகும் தங்கை விடிந்ததும் மொபைலில் மழை வருமா என்று பார்க்கிறாள். மழை போதாதென்று, உச்ச நீதிமன்றம் 2018-இல் தீபாவளியன்று பட்டாசு வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாக்கியது. சரவெடியும் பேரியம் உப்பும் கூடாது என்றது. காற்றுக்காகப் போட்ட அந்த உத்தரவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தங்கைக்கு வேலை சுருங்கியது, மழை சுருங்கவில்லை. மீனவருக்குத் தடைக்கால நிவாரணம் கொடுக்கிற அரசு, பட்டாசுத் தொழிலாளிக்கும் மழை நாளில் பாதிக் கூலியாவது கொடுக்க வேண்டும்.